கம்ப்யூட்டர் கேள்வி பதில்: ஓய்வில்லாமல் ஓடும் ஹார்ட் டிஸ்க்

கேள்வி: கடை, குளச்சல் துறைமுகத்துக்குப் பக்கம். நாலு கேமரா, அவற்றின் படத்தைப் பதியும் ஒரு டி.வி.ஆர். பெட்டி. பழைய கம்ப்யூட்டரில் கிடந்த 1 டி.பி. டிஸ்க்கை அதில் மாட்டினோம். இரண்டு வருடம்கூடத் தாங்கவில்லை. உப்புக்காற்றுதான் காரணமா?
– வாசகர், குளச்சல்

பதில்: உப்புக்காற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது டிஸ்க்கின் ரகம். ஒரு கேமரா விநாடிக்கு 4 மெகாபிட் வீதம் பதிந்தால் நாளுக்கு 43 ஜி.பி. ஆகும். நாலு கேமராவுக்கு வருடம் 63 டி.பி. மேசைக் கம்ப்யூட்டருக்கென்று வரும் டிஸ்க்குகள் பலவற்றில் கம்பெனி போட்டிருக்கும் கணக்கு வருடத்துக்கு 55 டி.பி., 2,400 மணி நேரம். உங்கள் கடையில் அது 8,760 மணி நேரம் ஓடுகிறது. சீகேட் ஸ்கைஹாக், டபிள்யூ.டி. பர்ப்பிள் போன்ற கண்காணிப்பு டிஸ்க்குகள் 24 மணி நேர ஓட்டத்துக்கென்றே செய்தவை. வருடம் 180 டி.பி. தாங்கும். விலை சற்றுக் கூடுதல்தான், இருந்தாலும் அதையே வாங்குங்கள்.

வாங்குமுன் டி.வி.ஆருக்குக் கரன்ட் தரும் அடாப்டரைச் சோதியுங்கள். பலர் இதை விட்டுவிட்டு நல்ல டிஸ்க்கைத் தூக்கி எறிகிறார்கள். தட்டு சுழலத் தொடங்கும்போது டிஸ்க் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். அடாப்டருக்குள் கெப்பாசிட்டர் வீங்கியிருந்தால் வோல்ட் இறங்கி, டிஸ்க் 'டிக் டிக்' என்று தட்டி நிற்கும். புது டிஸ்க் போட்டாலும் அதே கதைதான். அடாப்டரைத் தனியாகக் கழற்றி அளந்தால் 12 சரியாகவே காட்டும், நம்பாதீர்கள். டி.வி.ஆர். ஓடும்போதே மூடியைத் திறந்து, டிஸ்க்குக்குப் போகும் மஞ்சள், கறுப்பு ஒயர்களுக்கு இடையே மல்டிமீட்டர் வையுங்கள். 11.4-க்குக் கீழே போனால் அடாப்டரை மாற்ற வேண்டும்.

உப்புக்காற்று அரிப்பது கனெக்டரையும் சர்க்யூட் போர்டையும்தான். கரன்ட்டைத் துண்டித்துவிட்டு, பச்சை பூத்த பின்களை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். டிஸ்க் மேல் உள்ள சிறு காற்றுத் துளையை ஸ்டிக்கர் ஒட்டி அடைக்கக் கூடாது. காற்றுக்குப் பயந்து டி.வி.ஆரை மரப்பெட்டிக்குள் பூட்டுவதும் தப்பு, சூடு ஏறும். 45 டிகிரிக்குள் வைத்திருங்கள்.

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம், கரன்ட் போய்ப் போய் வரும். 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று அவசியம். இன்வெர்ட்டர் இருந்தால் அதன் ஸ்விட்ச்சை யு.பி.எஸ். மோடில் வையுங்கள்.

கேள்வி: பில் போடும் கம்ப்யூட்டரை ராத்திரியும் ஓடவிடுகிறோம். டிஸ்க்குக்கு ஓய்வு வேண்டாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: இடையிடையே நிறுத்தி ஓய்வு கொடுக்க வேண்டாம். அடிக்கடி நின்று கிளம்புவதுதான் மோட்டாருக்குப் பாரம். விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் டிஸ்க்கை நிறுத்தும் நேரம் 20 நிமிடம் என்று இருக்கும், 0 ஆக்கிவிடுங்கள்.

கேள்வி: டிஸ்க்கின் நலம் பார்க்கும் 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' மென்பொருள் மஞ்சள் காட்டுகிறது. 'கரன்ட் பெண்டிங் செக்டர்' 8. எத்தனை நாள் தாங்கும்?
– வாசகர், தக்கலை

பதில்: நாள் சொல்ல முடியாது, இன்றே காப்பி எடுங்கள். செக்டர் என்பது டிஸ்க்கில் தகவல் பதியும் சிறு கட்டம்; 'பெண்டிங்' என்றால் படிக்க முடியாமல் நிலுவையில் நிற்பது. புது டிஸ்க்குகளில் ஒரு செக்டர் 4,096 பைட், அது 512 பைட்டாக எட்டாய் எண்ணப்படும். ஆகவே 8 என்றால் பெரும்பாலும் ஒரே இடம் படிக்க முடியாமல் கிடக்கிறது. காப்பி முடியும்வரை டிஸ்க்கைச் சரிபார்க்கும் செக் டிஸ்க், ஒழுங்குபடுத்தும் டிஃப்ராக் எதையும் ஓட்டாதீர்கள். இந்த மென்பொருள் எண்களை 16 அடிமானத்தில் காட்டும். 10 என்று இருந்தால் அது 16. மெனுவில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அடுத்த வாரம் 05, C5, C6 (பத்தடிமானத்தில் 5, 197, 198) என்ற வரிசைகளைப் பாருங்கள், ஏதாவது ஏறியிருந்தால் டிஸ்க்கை மாற்றுங்கள். C7 (199) மட்டும் ஏறினால் பழுது பெரும்பாலும் கேபிளில். டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிளைப் புதிதாகப் போட்டால் போதும்.