பிரியாணிக்குப் பொரித்த வெங்காயம் நமுத்துப்போனால்

திரும்ப எண்ணெயில் போடாதீர்கள், கருகிக் கசக்கும். எண்ணெய் விடாத கனமான வாணலியில் சிறு தீயில் 4, 5 நிமிடம் பிரட்டி, தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். ஆறும்போதுதான் மொறுமொறுப்பு திரும்பும்.

ராத்திரியே பொரித்து டப்பாவில் வைத்தது நமுத்திருந்தால், அநேகமாகச் சூடு ஆறுமுன் மூடியிருப்பீர்கள். மூடியின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், ஈரம் இருந்தால் அதுதான் காரணம். குன்னூர் மாதிரி மலை ஊரில் ஐப்பசி மூட்டத்தில் பொரித்த அப்பளமே கொஞ்ச நேரத்தில் துவண்டுவிடும், வெங்காயம் எம்மாத்திரம்!

அடுத்த தடவை பொன்னிறத்துக்குச் சற்று முன்பே எடுத்துவிடுங்கள், வெளியே எடுத்த அப்புறமும் நிறம் ஏறும். உப்பு வேண்டாம்.

ஒன்று மட்டும்: சிக்கு வாடை வந்திருந்தால் சூடாக்கிப் பயனில்லை, கொட்டிவிடுங்கள்.