ஓவர்ஃப்ளோ குழாயில் சொட்டுகிறதா, ஃப்ளோட்டை வளைப்பதற்கு முன்

பைக் கார்புரேட்டரில் புது நீடில் (பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் ஊசி) போட்டு, ஃப்ளோட் (அந்த ஊசியைத் தள்ளும் மிதவை) உயரத்தை ஸ்கேல் வைத்துச் சரிசெய்த பிறகும், மிஞ்சிய பெட்ரோல் வெளியேறும் ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் சொட்டுகிறது என்கிறீர்கள். சரி, ஃப்ளோட்டில் நீடிலைத் தள்ளும் அந்தச் சிறு நாக்கை இனி வளைக்காதீர்கள். உயரம் வேறு, பெட்ரோல் மட்டம் வேறு.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் நிற்கும் கிண்ணத்தின் ட்ரெயின் முனையில் (பெட்ரோலை வடிக்கும் முனை) உள்ளே தெரிகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, அதை கார்புரேட்டர் ஓரமாக மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டு ட்ரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். குழாயில் எங்கே நிற்கிறதோ அதுதான் உள்ளே இருக்கும் மட்டம்.

மட்டம் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் நீடில் அடைக்கவில்லை. புது நீடிலும் பழைய சீட்டில் (நீடில் உட்கார்ந்து அடைக்கும் துளை) சரியாக உட்காராமல் போகலாம். சீட் கழன்று வரும் வகை என்றால் அதன் ஓ-ரிங்கையும் மாற்றுங்கள். பித்தளை ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே சளசளவென்றால் ஓட்டை. (உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவி போகாமல் ஓட்டையை ஈயம் வைத்துப் பற்றவைக்கப் போய்விடாதீர்கள், வெடிக்கும்.)

மட்டம் சரியாக நின்றும் சொட்டினால், கிண்ணத்துக்குள் நிற்கும் பித்தளை ஓவர்ஃப்ளோ குழாயில் விரிசல் இருக்கலாம். நான் இது தெரியாமல் 2 நீடில் வாங்கிப் போட்டேன்! கிண்ணத்தைக் கழற்றி, அந்தக் குழாயின் வாய்க்குச் சற்றுக் கீழ்வரை பெட்ரோல் ஊற்றி வைத்தால் அடியில் ஈரம் காட்டிவிடும்.

அப்புறம், உயரம் அளக்கும்போது கார்புரேட்டரைச் சாய்த்துப் பிடியுங்கள். தலைகீழாக வைத்தால் ஃப்ளோட்டின் கனம் நீடிலின் ஸ்ப்ரிங் பின்னை அமுக்கி அளவைக் கெடுத்துவிடும்.