கேள்வி–பதில்: கருத்தரங்குக்கு முன் ஒரு கணக்கு

எண் கோட்பாட்டுக் கருத்தரங்குகளில் பத்தாவது நிமிடமே பிடி விட்டுப்போகிறது. அடுத்த வாரம் எலிப்டிக் வளைவரை பற்றி ஓர் உரை. என்ன படித்துவிட்டுப் போகலாம்?
*– எம்.எஸ்சி. மாணவர், திருச்சி*

புத்தகத்தை எடுக்காதீர்கள். ஒரே ஒரு எலிப்டிக் வளைவரையைக் (ஒய்-வர்க்கம் ஒருபுறம், எக்ஸின் முப்படிக் கோவை மறுபுறம்) கையால் போட்டுப் பாருங்கள்: ஒய்² = எக்ஸ்³ − 2. இதில் (3, 5) என்ற புள்ளி இருக்கிறது; 25 = 27 − 2. அங்கே தொடுகோட்டின் சாய்வு 3எக்ஸ்²/2ஒய், அதாவது 27/10. அதன் வர்க்கத்திலிருந்து 3-ஐ இருமுறை கழித்தால் 129/100. தொடுகோடு வளைவரையை மறுபடி வெட்டும் இடம் (129/100, 383/1000). ஒய்யின் குறியை மாற்றினால் கிடைப்பதுதான் (3, 5)-இன் இருமடங்கு, அதாவது அந்தப் புள்ளியை அதனோடேயே கூட்டிய விடை. பலர் கோட்டைவிடுவது இந்தக் குறி மாற்றத்தில்தான்; அதை விட்டால் புள்ளிகளைக் கூட்டும் சேர்ப்பு விதி நிற்காது, குலமும் (எண்களின் கூட்டல் போன்ற விதிகள் பொருந்தும் தொகுப்பும்) இல்லை. விடையைச் சரிபார்க்க: 129³ − 20,00,000 = 383².

அடுத்து, 7-ஆல் வகுத்த மீதிகளில் புள்ளிகளை எண்ணுங்கள். எக்ஸ் 3, 5, 6 ஆகும்போது எக்ஸ்³ − 2 மீதி 4 தரும். ஒவ்வொன்றுக்கும் ஒய் 2 அல்லது 5. ஆக 6 புள்ளிகள், முடிவிலிப் புள்ளியோடு 7. (முடிவிலிப் புள்ளியை மறப்பது அடுத்த வழக்கமான தவறு.) சராசரியாக எதிர்பார்க்கும் 7 + 1-லிருந்து இது 1 குறைகிறது, ஹாஸே தேற்றப்படி வித்தியாசம் 2√7-ஐ, சுமார் 5.3-ஐத் தாண்டாது.

3-இன் மீதியில் மட்டும் கதை வேறு. எக்ஸ்³ − 2 அங்கே (எக்ஸ் + 1)³ ஆகிவிடும். (2, 0)-இல் வளைவரை கூர்முனையாக மடங்கும், அங்கே சாய்வுச் சூத்திரம் 0/0 ஆகிவிடும். உரையாளர் 'மோசமான பகா எண்' என்றால் இதுதான். 2-உம் அப்படியே.

உரையில் 'எண் களம்' (விகிதமுறு எண்களோடு சில இயற்கணித எண்களைச் சேர்த்து விரித்த தொகுதி) என்று வரும்போதெல்லாம் விகிதமுறு எண்கள் என்றே வைத்துக் கேளுங்கள். முதல் முறைக்கு அது போதும்.

'ஜீனஸ்' எதற்கு இவ்வளவு பெரிதாகப் பேசப்படுகிறது?
*– வாசகர், மதுரை*

ஜீனஸ் என்பது வளைவரை எவ்வளவு சிக்கலானது என்பதைக் காட்டும் எண். விகிதமுறு புள்ளிகள் (ஆயங்கள் விகிதமுறு எண்களாக இருப்பவை) எத்தனை என்பதை அதுவே பெரும்பாலும் தீர்மானிப்பதால். ஜீனஸ் 0 என்றால் ஒன்றுமே இருக்காது, இல்லாவிட்டால் முடிவில்லாமல் இருக்கும். எலிப்டிக் வளைவரையின் ஜீனஸ் 1. அதில் முடிவுள்ள சில விகிதமுறு புள்ளிகளைக் கூட்டிக் கூட்டியே மற்ற எல்லாமும் பிறக்கும் என்று மோர்டெல் 1922-இல் காட்டினார். மேலே சொன்ன வளைவரைக்கு (3, 5) ஒன்றே போதும். ஜீனஸ் 2 அல்லது அதற்கு மேல் என்றால் புள்ளிகள் முடிவுள்ளவையே: ஃபால்டிங்ஸ், 1983. ஆனால் அவருடைய சான்று அந்தப் புள்ளிகளைத் தேடித் தராது. ஜேக்கோபியனின் (வளைவரையிலிருந்து கட்டப்படும் ஒரு குலத்தின்) ரேங்க், அதாவது அதன் விகிதமுறு புள்ளிகளில் ஒன்றையொன்று சாராத முடிவில்லா திசைகளின் எண்ணிக்கை, ஜீனஸைவிடக் குறைவாக இருந்தால் அவற்றைத் தேட சபோட்டி–கோல்மன் முறை பல நேரங்களில் கைகொடுக்கும்.