மீண்டும் சுருங்கும் உணவுக்குழாய்: உங்கள் தந்தையாரின் சிகிச்சை குறித்து

வணக்கம். தவறுதலாக ஆசிட் குடித்துவிட்ட உங்கள் தந்தையாருக்கு உணவுக்குழாயை இரண்டு முறை விரித்தும், மூன்றே வாரத்தில் மறுபடி இட்லி கூட நெஞ்சில் நிற்கிறது, சிகிச்சை தோற்றுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். தோற்றுவிடவில்லை என்றே நினைக்கிறேன். ஆசிட்டால் வெந்த இடத்தில் உருவாகும் தழும்பு, விரித்த பிறகும் இறுகிக்கொண்டே வரும் இயல்புடையது என்பதால், இவ்வகைச் சுருக்கத்துக்குப் பலமுறை விரிப்பது வழக்கம்தான்.

ஒரே நாளில் முழுமையாக விரித்துவிடக் கூடாதா என்ற உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால், வழிகாட்டிக் கம்பியின் மேல் செலுத்தப்படும் விரிப்புக் குழாய் இறுக்கத்தில் உரசத் தொடங்கிய பிறகு, மருத்துவர் அன்றைக்குக் குழாயின் தடிமனை ஒவ்வொரு மில்லிமீட்டராகக் கூட்டி, பொதுவாக மூன்று அளவுகளோடு நிறுத்திக்கொள்வார். அவசரப்பட்டால் உணவுக்குழாய் கிழிந்துவிடும் அபாயம் உண்டு. சுமார் 15 மி.மீ. அகலம் கிடைத்துவிட்டால் பெரும்பாலோர் திட உணவை உண்ண முடிகிறது. இரண்டு வார இடைவெளியில் ஐந்து முறை விரித்தும் 14 மி.மீ. எட்டவில்லை என்றால்தான், தழும்பில் ஸ்டீராய்டு ஊசி, ஸ்டென்ட் (உணவுக்குழாயைத் திறந்தே வைத்திருக்க உள்ளே பொருத்தும் சிறு குழாய்), அறுவை சிகிச்சை ஆகியவை பற்றிப் பேசுவார்கள். ஆகவே, இடைவெளியைக் குறைக்கலாமா என்று அடுத்த சந்திப்பில் தயங்காமல் கேளுங்கள். உங்கள் தந்தையார் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்பவராக இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

விரித்த அன்றோ மறுநாளோ கடுமையான நெஞ்சுவலி, காய்ச்சல், மூச்சுத்திணறல், அல்லது தொட்டால் நறநறவென்று உணரும்படியான கழுத்து வீக்கம் ஏற்பட்டால், தண்ணீர் கூடக் கொடுக்காமல், விடியட்டும் என்று காத்திராமல், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.