மூன்றாம் முறை நீட் வேண்டாம். மகளின் கேள்விக்கு வழிவிடுங்கள்

இரண்டு முறை நீட் எழுதியும் அரசு இடம் கிடைக்காத மகளை அழைத்துக்கொண்டு கரூரிலிருந்து ஒரு தந்தை வந்திருந்தார். மூன்றாம் முறை பயிற்சியில் சேர்ப்பதா, தாய்மாமன் சொல்வதுபோல் வீட்டை அடகு வைத்து நிர்வாக ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ப்பதா என்பது அவருடைய தவிப்பு. ஐயா, இரண்டுமே வேண்டாம்.

உங்கள் மகள் என்னிடம் காட்டிய நோட்டைப் பாருங்கள். நிமோனியா முற்றித் தாத்தா தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தபோது, ஆக்சிஜன் அளவை 91, 88, 84 என்று மணிவாரியாகக் குறித்திருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: "வைட்டமின் சி ஊசி போட்டும் நுரையீரல் ஏன் ஆறவில்லை?"

இது மருந்தியல் ஆய்வாளரின் கேள்வி. கிருமியைக் கொல்லக் குவியும் வெள்ளணுக்கள் உமிழும் வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் காற்றறைச் சுவரையும் புண்ணாக்க, உள்ளே நீர் கசிந்து நிரம்புகிறது. ஆய்வகத்தில் எலிக்கு இக்காயத்தை உண்டாக்கி, என்-அசிட்டைல்சிஸ்டைன், வைட்டமின் சி போன்ற ஆன்டிஆக்சிடன்ட் (அந்த ஆக்சிஜன் மூலக்கூறுகளை அடக்கும் மருந்து) கொடுத்து, பிறகு நுரையீரலை உப்புநீரால் கழுவி அணுக்களை எண்ணுவார்கள். ஈரமாக ஒருமுறையும் உலர்த்தி மறுமுறையும் எடைபோட்டு, எவ்வளவு நீர் கோத்திருந்தது என்று கணக்கிடுவார்கள். எலியிடம் பலமுறை பலித்தது மனிதரிடம் பலிக்கவில்லை. செப்சிஸோடு (கிருமித் தொற்றால் உடலின் உறுப்புகள் செயலிழக்கும் நிலை) நுரையீரலும் பழுதுபட்ட 167 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான வைட்டமின் சி ஆய்வில் உறுப்புச் செயலிழப்பின் அளவு குறையவில்லை. செப்சிஸ் நோயாளிகள் 872 பேரைச் சேர்த்து 2022-இல் வெளியான ஆய்விலோ, மரணமும் நீடித்த உறுப்புச் செயலிழப்பும் சேர்ந்த கணக்கு வைட்டமின் சி பெற்றவர்களிடமே கூடுதலாக இருந்தது. எந்த மருந்தை, எப்போது, எவ்வளவு கொடுப்பது என்பதைக் கண்டறிய இன்னும் ஆட்கள் தேவைப்படுகிறார்கள்.

தமிழ்நாட்டில் மருந்தாளுநருக்கான நான்காண்டு இளநிலைப் படிப்பான பி.பார்ம். சேர நீட் தேவையில்லை. சென்னை, மதுரை மருத்துவக் கல்லூரிகளில் உள்ள அரசு பார்மசி கல்லூரிகளை விருப்பப் பட்டியலில் முதலில் எழுதுங்கள். பார்மசி முதுநிலைப் படிப்புக்கான ஜிபேட் தேர்வில் தகுதி பெற்று, இரண்டாண்டு எம்.பார்ம். மருந்தியல் சேர்ந்தால் மாதம் ₹12,400 உதவித்தொகை உண்டு. முனைவர் பட்டத்துக்கு ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை கிடைத்தால் மாதம் ₹37,000. பி.பார்ம். உடன் நின்றுவிட்டால் தொடக்கச் சம்பளம் குறைவுதான். ஆகவே எம்.பார்ம். சேர்த்து ஆறாண்டுப் படிப்பென்று எண்ணியே இறங்குங்கள். தனியார் கல்லூரியானால் பார்மசி கவுன்சில் அங்கீகாரத்தையும், விலங்கு ஆய்வுக்கூடம் உண்மையில் இயங்குகிறதா என்பதையும் நேரில் போய்ப் பாருங்கள்.

அடகுப் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் இளையவனுக்கும் அந்த வீட்டில் பங்குண்டு.