கடைசித் தண்ணிக்கு ஆத்துக் கிடங்க இறைக்கலாமா?

மட்டக்களப்புச் சித்தாண்டிப் பக்கம் முந்தனை ஆத்தங்கரையில சிறுபோகம் (கோடை நெல்லு) செய்யிற தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார். அவர்ட வயல் வட்டையில, அதாவது அந்த வயல்வெளியில, கடைசி வயல், வாய்க்கால் தண்ணி கதிர் முத்துற நேரம் எட்டாது, அதால ஆத்துக் கிடங்குல (ஆத்துக்குள்ள தண்ணி தேங்கி நிக்கிற பள்ளம்) மூண்டு இஞ்சி பம்ப் போட்டு இறைக்கிறவராம். இப்ப கரைப் பத்தைக்குள்ள புலிக்குட்டி மாதிரி ஒண்டு இரவுல திரியுதாம், பெக்கோ மெசின் போட்டுப் பத்தைய வெட்டிரலாமா, இல்லாட்டி தண்ணி எடுக்கிறதயே நிப்பாட்டச் சொல்லுவாங்களா எண்டு பயம்.

தம்பி, பத்தைய வெட்ட வேணாம். நீங்க சொல்ற அடையாளத்துக்கு, சாம்பல் உடம்புல வரிசையா கறுப்புப் புள்ளி, கட்டை வால், அது மீன்பிடிப் பூனையாத்தான் இருக்கணும். இலங்கையில அழியிற ஆபத்துல இருக்கிற மிருகம், சட்டப் பாதுகாப்பு உள்ளது, புலிக்குட்டி எண்டு நினைச்சுத்தான் கன பேர் அடிச்சுக் கொல்லுறாங்க. அது தின்னுறது மீன், நண்டு, எலி. எலி வயலுக்குச் செய்யிற வேல உங்களுக்கு நான் சொல்லத் தேவல்ல. ஆத்துக் கரையில ஒதுக்கின நிலம் பெரும்பாலும் அரச காணி, அனுமதி இல்லாம மெசின் இறக்கினா நீங்கதான் மாட்டுவீங்க, மருத மரத்து வேரும் பத்தையும் போனா அடுத்த மாரி வெள்ளத்துல கரை இடிஞ்சு உங்கட வரம்புதான் போகும்.

தண்ணி எடுக்கிறது குற்றம் எண்டு நான் சொல்ல வரல்ல. வைகாசியில ஆறு ஓடுற நேரம் ஒரு பம்ப் இறைக்கிறதால பூனைக்குப் பெரிசா ஒண்டும் ஆகாது, ஆவணியில ஓட்டம் நிண்டு தண்ணி கிடங்கு கிடங்கா மிஞ்சுதே, அதுதான் முழுக் கதையும். ஆத்துல உள்ள விரால், பனையேறி எல்லாம் அந்தக் கிடங்குக்குள்ளதான் ஒதுங்கும், சேறு தெரியிற மட்டும் இறைச்சா பூனைக்குச் சாப்பாடு இல்ல, நீர்நாய்க்கும் இல்ல, மாரித் தண்ணி வந்தாலும் குஞ்சு போட மீன் மிஞ்சாது. உப்புத்தண்ணி வாவிப் பக்கமா இருக்கிற ஆத்துல நல்ல தண்ணி குறைஞ்சா உப்பும் மேல ஏறும், நெல்லு உப்புக்குத் தாங்காது.

ஆகவே அந்தக் கடைசி ரெண்டு கிழமைத் தேவைய எப்பிடி இல்லாமச் செய்யிற எண்டு பாருங்க. மூண்டரை மாச நெல்லு விதைக்கிறீங்க எண்டா பிஜி 300 மாதிரி மூண்டு மாச நெல்லுக்கு மாறுங்க, அதுலயே ரெண்டு கிழமை மிஞ்சும். இது தனியாச் செய்யிற வேலயில்ல, பயிர்ச்செய்கைக் கூட்டத்துல விதைப்புத் திகதி முடிவெடுக்கும்போதே கடைசி வயல்காரர் எல்லாரும் சேந்து போய் வட்டவிதானையிட்டயும் (வட்டைத் தண்ணியப் பாத்துக்கொள்ளுறவர்) நீர்ப்பாசனக்காரர்ட்டயும் கேளுங்க, ஒரே வயசு நெல்ல ஒரே கிழமையில விதைச்சாத்தான் முறை வச்சு விடுற தண்ணி கடைசி மட்டும் வரும்.

அடுத்தது வயல்ல எந்த நேரமும் தண்ணி நிக்கணும் எண்டில்ல. ஒரு அடி நீளம், நாலு இஞ்சி பிவிசி குழாய் எடுத்து, கீழ் 20 சென்டிமீட்டர்ல சுத்திவர ஓட்டை போட்டு அந்தளவுக்கு மண்ணுக்குள்ள இறக்கி, உள்ள இருக்கிற சேத்த அள்ளிருங்க. குழாய்க்குள்ள தண்ணி மண் மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழ போனாப் பிறகு பாய்ச்சினாப் போதும், 30 சதவீதம் வரைக்கும் தண்ணி மிஞ்சும், விளைச்சல் குறையாது. ஆனா விதைச்ச முதல் ரெண்டு மூண்டு கிழமை இதச் செய்யாதீங்க, புல்லு ஏறிரும். பூக்கிறதுக்கு ஒரு கிழமை முன்னயும் பின்னயும் காய விடவே கூடாது, பதர்தான் மிஞ்சும்.

அதுக்குப் பிறகும் இறைக்கத்தான் வேணும் எண்டா பெரிய ஆழக் கிடங்க விட்டுட்டு மத்தத எடுங்க, பகல்ல மட்டும் எடுங்க, பூனை இரவுலதான் வேட்டையாடும். உறிஞ்சுற குழாய் வாய்க்கு வலை கட்டுங்க, மீன்குஞ்சு போகாது. மருந்து டேங்க் கழுவின தண்ணிய அந்தக் கிடங்குக்குள்ள ஊத்தவே ஊத்தாதீங்க, ஓடாத தண்ணியில அது போக இடமில்ல. பக்கத்து வயல்ல காட்டுப் பண்டிக்குக் கண்ணியோ கரண்டுக் கம்பியோ போட்டிருந்தா அதையும் பேசி எடுக்கச் சொல்லுங்க, பூனையும் அதுல மாட்டிச் செத்துப்போகும்.