நாடக நடிகர்களின் வுட்பரிடைப் உருவப்படங்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, 1880களில் லண்டனில் வெளிவந்த 'தி தியேட்டர்' மாத இதழின் தாள் ஒன்று என்னிடம் உள்ளது. அதில் ஒட்டியிருக்கும் நடிகையின் படம் புகைப்படமா, அச்சா?

பதில்: அச்சுதான், ஆனால் நுணுக்கத்தில் புகைப்படத்துக்கு எள்ளளவும் குறையாத அச்சு. வால்டர் வுட்பரி 1864இல் காப்புரிமை பெற்ற 'வுட்பரிடைப்' முறை அது. நெகட்டிவின் வழியே ஒளி காட்டிய ஜெலட்டின் படலத்தை வெந்நீரில் கழுவினால், ஒளி பட்ட இடம் கெட்டிப்பட்டு மேடாக நிற்கும், மற்றது கரைந்துவிடும். காய்ந்த படலத்தை ஈயத் தகட்டின்மேல் வைத்து நீரழுத்த எந்திரத்தில் அழுத்தும்போது, ஜெலட்டின் நசுங்காமல் ஈயம் பள்ளம் விழுகிறது என்பதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. நிறமி கலந்த வெதுவெதுப்பான ஜெலட்டின் மையை பள்ளம் விழுந்த அந்த ஈயத் தகட்டில் ஊற்றித் தாளை வைத்து அழுத்தினால், ஆழமான இடத்தில் மை தடித்துக் கருமையாகவும் ஆழம் குறைந்த இடத்தில் மெலிந்து வெளிச்சமாகவும் படியும்.

கேள்வி: வீட்டிலேயே சோதித்து அறிய முடியுமா?

பதில்: முடியும். பூதக்கண்ணாடியில் பாருங்கள், சாதாரண அச்சுப் படங்களில் தெரியும் புள்ளிகளே தென்படா. பிறகு தாளை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். கருப்பு வெல்வெட் கையுறை முடிந்து வெள்ளைத் தோள் தொடங்கும் ஓரத்தில், மை மிக லேசாகப் புடைத்திருப்பது தெரியும். விரலால் தடவிப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: என் சேகரிப்பில் உள்ள அதே காலத்து நடிகர் அட்டைகள் மஞ்சளித்துவிட்டன. இது மட்டும் எப்படி மங்கவில்லை?

பதில்: அந்த அட்டைகளில் பெரும்பாலானவை முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் வெள்ளி உப்பால் உருவானவை, வெள்ளி காலப்போக்கில் வெளிறும், வெள்ளைக்கருவும் மஞ்சளிக்கும். வுட்பரி படத்தில் வெள்ளியே இல்லை. பெரும்பாலும் கரி போன்ற நிலைத்த நிறமிதான்.

கேள்வி: இவை மேடையில் எடுத்த படங்களா?

பதில்: இல்லை. எரிவாயு விளக்கொளி அன்றைய கண்ணாடி நெகட்டிவுக்குப் போதாது. நடிகர்கள் வேடத்தோடு ஸ்டுடியோவுக்கு வந்து, தலைக்குப் பின்னால் இரும்புத் தாங்கி பிடித்திருக்க, சில விநாடிகள் அசையாமல் நின்றார்கள். நியூயார்க்கின் புகைப்படக்காரர் நெப்போலியன் சரோனி, படத்தை விற்கும் உரிமைக்காகப் புகழ்பெற்ற நடிகர்களுக்குப் பணமும் கொடுத்தார்.

கேள்வி: இவ்வளவு நல்ல முறை ஏன் மறைந்தது?

பதில்: எழுத்தோடு சேர்த்து அச்சிட முடியாததால்தான். ஒவ்வொரு படத்தையும் தனியே அச்சிட்டு, ஓரம் நறுக்கி, பக்கத்தில் கையால் ஒட்ட வேண்டியிருந்தது. படத்தைச் சிறு புள்ளிகளாக்கி அச்சிடும் ஹாஃப்டோன் பிளாக் வந்ததும் படமும் எழுத்தும் ஒரே ஓட்டத்தில் அச்சாயின. அன்று முதல் நடிகையின் முகம் புள்ளிகளாயிற்று.